மகிமை மாதா கோயிலிலிருந்து ஏரிக்கரை வரை: பழவேற்காட்டுக்கு இரண்டாம் பயணம்



நினைவுப் பேருரையை மறைந்தவரின் பெருமைகளைச் சொல்லி ஆரம்பிப்பது வழக்கம். நம் தோழருக்கு அது பிடிக்காது. மேடையில் யாராவது அவரைப் பற்றி இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசினால் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வருவார். அதனால் அவரோடு போன ஒரு பயணத்தையும், அவர் இல்லாமல் அதே இடத்துக்குப் போன இன்னொரு பயணத்தையும் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்கிக்கொள்கிறேன்.

முதல் பயணம் 2000-இல். நான் அப்போது சமூகவியல் முதுகலை மாணவன். ஆய்வேட்டுக்கு வழிபாட்டுத் தலங்களைப் பற்றி ஏதாவது எழுதலாம் என்று சுற்றிக்கொண்டிருந்தேன். தோழர்தான் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போனார். கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து டவுன் பஸ். மகிமை மாதா ஆலயம், ஆதிநாராயணப் பெருமாள் கோயில், சூரியக் கடிகாரம் இருக்கும் சின்னப் பள்ளிவாசல், டச்சுக் கல்லறை என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்தோம். நான் ஆண்டுகளை நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். கல்லறையில் நின்றுகொண்டு தோழர் என் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இங்க புதைச்சவன் பேரெல்லாம் கல்லுலயே இருக்கு, நீயும் எழுதிக்கிட்ட. இங்கருந்து கப்பல்ல ஏத்திட்டுப் போனாங்களே, அந்த ஜனங்க பேரு எந்தக் கல்லுலடா இருக்கு?"

எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. கப்பலில் ஆட்களை ஏற்றிப்போன கதையே அன்றைக்குத்தான் முதலில் கேள்விப்பட்டேன். எம்.ஏ. பாடத்திட்டத்தில் அடிமை வணிகம் இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன அடிமைகள் அதில் இருந்தார்கள். பொன்னேரி தாலுகா இல்லை.

பழவேற்காட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்ல வேண்டும். புகழ்பெற்ற தலங்களைப் பார்க்கப் போவது எல்லோருக்கும் ஒரே மாதிரியான காரியம் இல்லை. 1934-இல் பாபாசாகேப் அம்பேத்கர் முப்பது பேர் போலிருந்த தோழர்களோடு வேரூல் பௌத்தக் குகைகளைப் பார்க்கக் கிளம்பினார். வழியில் தௌலதாபாத் கோட்டை. பயணக் களைப்பில் கோட்டை வாசலில் இருந்த குளத்துத் தண்ணீரில் முகம் கைகால் கழுவினார்கள். உடனே ஒரு கூட்டம் திரண்டது. தீண்டத்தகாதவர்கள் குளத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று கூச்சல். கூடியவர்கள் முஸ்லிம்கள். கடைசியில், உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, ஆயுதம் ஏந்திய காவலன் ஒருவனைக் கூடவே அனுப்பித்தான் கோட்டையைப் பார்க்கவிட்டார்கள். 'வீசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் குறிப்புகளில் அவர் இதை எழுதியிருக்கிறார். கொலம்பியாவிலும் லண்டனிலும் பட்டம் பெற்றவர், நாடறிந்த தலைவர், சுற்றுலாப் பயணியாகப் போன இடத்தில் நடந்தது இது. தலம் எந்த மதத்துடையது என்பதால் வாசலில் கிடைக்கும் மரியாதை மாறிவிடாது என்பதை அவர் அங்கே பார்த்தார். நாம் எந்தக் கோயிலுக்குள், எந்த ஆலயத்துக்குள் போனாலும் இந்தக் குளம் நம்மோடுதான் வருகிறது.

இரண்டாம் பயணம் போன பிப்ரவரியில். தனியாகப் போனேன். ரயிலும் அதேதான், பஸ்ஸும் அதேதான். சாலை மட்டும் அகலமாகியிருக்கிறது.

2000-இல் நான் பார்த்த மகிமை மாதா ஆலயக் கட்டடம் இப்போது இல்லை. அதை இடித்துவிட்டுப் பெரிதாக, புதிதாகக் கட்டிவிட்டார்கள். பழங்கட்டடத்தை இடித்தது தவறு என்று பாரம்பரியக் காவலர்கள் அப்போது குரல் கொடுத்தார்கள். நானும் அந்தக் கட்சிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆலயத்துக்கு வெளியே மெழுகுவர்த்தி விற்றுக்கொண்டிருந்த வயதான அம்மாவிடம் பழைய கோயில் போனதில் வருத்தம் இல்லையா என்று கேட்டேன். "மழ பேஞ்சா உள்ள ஒழுவும் சார். நீங்க வருசத்துக்கு ஒருவாட்டி வந்து படம் புடிச்சிகினு போவீங்க. வாராவாரம் பூசைக்கு நிக்கறது யாரு?" என்றார். அதற்குப் பிறகு என் கட்சி பாதியாகிவிட்டது. மீதிப் பாதியை விட்டுக்கொடுக்க மனமில்லை. ஏனென்றால் கட்டடம் போய்விட்டால் 1515 என்ற எண் மட்டும் மிஞ்சுகிறது. எண்ணைப் பார்த்து யாரும் கேள்வி கேட்பதில்லை.

1515 என்றால் என்ன என்று கொஞ்சம் பார்ப்போம். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498. கோவாவை போர்த்துகீசியர் பிடித்தது 1510. அடுத்த ஐந்தே ஆண்டுகளில், கோவாவின் அதிகாரக் கை சரியாக எட்டாத இந்தக் கிழக்குக் கரையில், அவர்களுடைய மாதாவுக்கு ஓர் ஆலயம். தூத்துக்குடிப் பக்கம் பரதவர்கள் கூட்டமாகக் கிறிஸ்தவத்தில் சேர்ந்தது 1530-களில். பிரான்சிஸ் சவேரியார் அங்கே வந்தது 1542-இல். அதற்கெல்லாம் முந்தியது இது. சென்னை - மயிலை உயர்மறைமாவட்டத்தின் மிகப் பழைய ஆலயம் என்று இதைப் போற்றுகிறார்கள். 2015-இல் ஐந்நூறாவது ஆண்டு விழாவும் நடந்தது.

ஏன் இங்கே? அன்றைக்கு பழவேற்காடு விஜயநகரப் பேரரசின் கிழக்குத் துறைமுகங்களில் முதன்மையானது. உள்நாட்டுத் தறிகளில் நெய்த துணியும் வண்ணம் தீட்டிய துணியும் இங்கிருந்து மலாக்காவுக்கும் ஜாவாவுக்கும் போயின. அங்கிருந்து மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வந்தன. இன்றைக்கும் மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலேகட்' என்று பெயர். பெலேகட் என்றால் பழவேற்காடு. மலேசியாவில் நம் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், ஊர் எது என்று தெரியாமலே ஊர்ப் பெயரை இடுப்பில் கட்டியிருப்பார்கள். போர்த்துகீசியர் மாதாவைத் தேடி வரவில்லை, துணியைத் தேடி வந்தார்கள். வந்த இடத்தில் கும்பிட ஒரு மாதா வேண்டியிருந்தது. இதைச் சொல்வது அந்த மாதாவைக் கும்பிடுகிறவர்களைக் குறைத்துப் பேச அல்ல. துறைமுகம் இல்லாமல் இந்தத் தலம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

வந்த மதம் சாதியை என்ன செய்தது? தமிழ்நாட்டு மிஷன் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி காவி கட்டி, பூணூல் போட்டு, பிராமணத் துறவியாக வாழ்ந்தார். மேல்சாதியாருக்கு ஒருவகைக் குரு, நமக்குப் 'பண்டாரசாமி' என்ற வேறுவகைக் குரு என்ற ஏற்பாடு அந்த மிஷனில்தான் வளர்ந்தது. வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாக மக்கள் பிரிந்து நிற்கும்படி, கால்சட்டை வடிவத்தில், 1872-இல் ஒரு கோயிலே கட்டினார்கள். நடுச்சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து உயர்நீதிமன்றம் வரை வழக்குப் போனது. 2008 மார்ச்சில் எறையூரில் நடந்தது இங்கே இருக்கிற பலருக்கு நேரடி அனுபவம். நான் வளர்ந்த பங்கில் தூம்பா இரண்டு இருந்தது. ஊருக்கு ஒன்று, சேரிக்கு ஒன்று. என் தாத்தாவை எடுத்துப் போன தூம்பாவின் ஒரு சக்கரம் கோணலாக இருக்கும், வழியெல்லாம் கிறீச்சிடும். அது எந்த ஊர், எந்தப் பங்கு என்பது இங்கே முக்கியமில்லை. மகிமை மாதா ஆலயத்தைப் பற்றி நான் குற்றம் எதுவும் சொல்ல வரவில்லை. உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை எந்த ஊர் என்று கேட்கவில்லை. அதுவே நிம்மதியாக இருந்தது.

அங்கிருந்து கோட்டைக்கு நடந்தேன். கோட்டை என்று சொல்லத்தான் செய்கிறோம். அகழியின் அடையாளமும் மண்மேடும் சீமைக்கருவேலமும் தவிர வேறொன்றும் இல்லை. வேலமரக் காடு இருந்ததால் வேற்காடு என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். வேல் போய் சீமைக்கருவேல் வந்திருக்கிறது.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1610 வாக்கில் இங்கே காலூன்றியது. 1612-இல் சாந்தோம் போர்த்துகீசியர் வந்து அவர்களுடைய பண்டகசாலையைத் தாக்கி அழித்தார்கள். 1613-இல் கோட்டை எழுந்தது. கோட்டையின் தலைவன் வெம்மர் வான் பெர்கெமின் சொந்த மாகாணம் கெல்டர்லாந்து. அதனால் கோட்டைக்கு கெல்டிரியா என்று பெயர். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைநகரம் பழவேற்காடுதான். உள்ளே வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்தது. இந்தக் கோட்டையிலிருந்துதான் ஆட்களையும் வாங்கினார்கள்.

'வாங்கினார்கள்' என்ற சொல்லைப் பழக்க தோஷத்தில் பயன்படுத்துகிறோம். எப்படி நடந்தது என்று பாருங்கள். பஞ்சம் வரும். அல்லது படையெடுப்பு வந்து வயல் எரியும், பின்னாலேயே பஞ்சம் வரும். தரகர்கள் உள்நாட்டுக்குள் போவார்கள். சோற்றுக்கு வழியில்லாதவர்கள் தங்களையோ பிள்ளைகளையோ விற்பார்கள். கடனுக்குப் பிடித்தவர்களும் கடத்தப்பட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் சேர்வார்கள். கம்பெனிக்குப் பஞ்சம் என்றால் விலை குறைவு என்று அர்த்தம். இந்தியப் பெருங்கடலின் டச்சு அடிமை வணிகத்தை ஆராய்ந்த மார்க்கஸ் விங்க் இந்த ஏற்றுமதி பஞ்ச காலங்களில் அலை அலையாக எழுந்ததைக் காட்டுகிறார். 1622-23-இல் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைமுகங்களிலிருந்து ஏறக்குறைய 1,900 பேர். 1646-இல் பத்தாவியாவுக்கு 2,118 பேர், பெரும்பாலும் தென் சோழமண்டலத்திலிருந்து. 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியிலிருந்து மட்டும் 8,000 முதல் 10,000 பேர் இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும். பத்தாவியா என்பது இன்றைய ஜகார்த்தா. அந்த நகரத்தின் கால்வாய்களையும் மதில்களையும் எழுப்பியதில் இந்தக் கைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

பஞ்சத்தில் முதலில் விற்பனைக்கு வருவது யார்? நிலம் இல்லாதவர், சேமிப்புக் குதிர் இல்லாதவர், ஏற்கெனவே இன்னொருவர் பண்ணையில் ஆளாக இருப்பவர். தமிழ்நாட்டில் அந்த இடத்தில் யார் நிறுத்தப்பட்டிருந்தார்கள் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. 1819-இல் சென்னை வருவாய் வாரியம் அடிமைமுறை பற்றி மாவட்டங்களில் விசாரித்தபோது கலெக்டர்கள் எழுதிய பதில்களில் நம் சாதிகளின் பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் ஒரு எச்சரிக்கை, மாணவர்களுக்காக. கப்பல் பட்டியல்கள் சாதியை எழுதுவதில்லை. ஏறிய துறையை எழுதும், பாலை எழுதும், எண்ணிக்கையை எழுதும். அதனால் கப்பலில் போன அத்தனை பேரையும் நம் சாதிக் கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள். பஞ்சத்தில் நெசவாளியும் விற்கப்பட்டான். நாம் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: சாதி ஒரு பெரிய கூட்டத்தைக் கடற்கரை வரை ஏற்கெனவே தள்ளி வைத்திருந்தது, கம்பெனி கப்பலை மட்டும் கொண்டுவந்தது.

தோழர் கேட்ட கேள்விக்கு எனக்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது. ஒரே ஒரு பெயர்.

தென்னாப்பிரிக்காவின் கேப் குடியேற்ற ஆவணங்களில் 'குரோட்டெ கத்ரெய்ன் வான் பாலியகட்டா' என்று ஒரு பெண் வருகிறாள். 'பழவேற்காட்டுப் பெரிய கத்தரீன்' என்று நாம் சொல்லலாம். பத்தாவியாவில் அடிமையாக இருந்தவள். 1656-இல் ஒரு சண்டையில் கிளாஸ் வான் மலபார் என்ற அடிமை அவள் கையால் இறந்தான். அவன் இவளுடைய கூட்டாளி, மலபார்க் கரைக்காரன், பெயரைப் பாருங்கள். மரண தண்டனை விதித்தார்கள். பிறகு அதை ஆயுள் முழுக்க நாடுகடத்தலாக மாற்றி கேப்புக்கு அனுப்பினார்கள். 1657-இல் அங்கே போய் இறங்கினாள். கேப் குடியேற்றம் ஆரம்பித்து அப்போது ஐந்து ஆண்டுகள்தான். தளபதி யான் வான் ரீபெக் வீட்டுத் துணிகளைத் துவைத்தாள். பிற்பாடு ஞானஸ்நானம் பெற்றாள், விடுதலை பெற்றாள், வங்காளத்திலிருந்து வந்த விடுதலை பெற்ற ஒருவரை மணந்தாள். அவளுடைய மகன் கிறிஸ்டோஃபல் ஸ்னைமன். தென்னாப்பிரிக்காவில் இன்று ஸ்னைமன் என்ற குடும்பப்பெயர் கொண்ட வெள்ளை ஆஃப்ரிகானர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நிறவெறிச் சட்டம் இருந்த காலத்தில் 'வெள்ளையர் மட்டும்' என்ற பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேருக்குப் பாட்டியின் பாட்டி பழவேற்காட்டுக்காரி என்று நினைத்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. தோழர் இருந்திருந்தால் சத்தமாகவே சிரித்திருப்பார்.

சிரிப்பு அடங்கியதும் ஒன்று உறைக்கிறது. அடிமைக்குச் சொந்தப் பெயர் கிடையாது. வைத்த பெயருக்குப் பின்னால் ஏறிய துறையின் பெயரை ஒட்டினார்கள். சரக்கின் மேல் அச்சிடுவது மாதிரி. இன்று நமக்கு அவளைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அந்த அச்சு மட்டும்தான்.

பத்தாவியாவில் விடுதலை பெற்ற அடிமைகள் 'மார்டைக்கர்' என்று அழைக்கப்பட்டார்கள். சோழமண்டலம், மலபார், வங்காளம் என்று பல கரைகளிலிருந்து போனவர்கள்; பேசியது போர்த்துகீசிய மொழி, மதம் கிறிஸ்தவம். அவர்களில் 23 குடும்பங்கள் 1661-இல் தூகு என்ற சதுப்பு நிலத்தில் குடியேற்றப்பட்டன. போர்த்துகீசியம் பேசிய கிறிஸ்தவர்களுக்காக நகர மதிலுக்கு வெளியே 1695-இல் ஒரு கோயில் கட்டினார்கள். இன்று ஜகார்த்தாவில் சீயோன் ஆலயம் என்று அது நிற்கிறது, அந்த நகரத்தின் மிகப் பழைய தேவாலயம். மதிலுக்கு வெளியே என்பதை நம் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பழவேற்காட்டு மகிமை மாதாவையும் ஜகார்த்தா சீயோனையும் சேர்த்துப் பார்த்தால்தான் 1515 என்ற எண்ணின் முழு நீளம் தெரிகிறது. ஒன்று ஆட்கள் ஏறிய கரையில் இருக்கிறது, மற்றது இறங்கிய கரையில்.

இதே கோட்டையில் 1630-களில் ஆபிரகாம் ரோஜேரியஸ் என்ற டச்சு போதகர் இருந்தார். பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு இந்து சமயத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் இறந்தபின் 1651-இல் லைடனில் அச்சாயிற்று. 'மறைந்திருந்த புறச்சமயத்துக்குத் திறந்த கதவு' என்ற பொருளில் தலைப்பு. ஐரோப்பாவில் இந்து சமயம் பற்றிய முதல் நல்ல நூல் என்று அறிஞர்கள் மெச்சுவார்கள். பர்த்ருஹரியின் பாடல்கள் அதன் வழியாகத்தான் முதன்முதலில் ஐரோப்பிய மொழிக்குப் போயின. நான்கு வருணங்களும் அவற்றுக்கு வெளியே பறையரும் அதில் உண்டு. கதவைத் திறந்தது ஒரு பிராமணர். கதவு வழியாக என்ன தெரிய வேண்டும் என்று தீர்மானித்ததும் அவர்தான். கோட்டை மதிலுக்கு வெளியே, கப்பலுக்காகக் காத்திருந்தவர்களிடம் போதகர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் வேறு புத்தகம் கிடைத்திருக்கும். அயோத்திதாசர் 1907 முதல் 'தமிழன்' இதழில் செய்த வேலை அந்த வேறு புத்தகத்துக்கான வேலைதான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு கோயிலையும் பண்டிகையையும் சேரிப் பக்கமிருந்து திரும்பப் படித்தார். அவருடைய முடிவுகள் எல்லாவற்றோடும் நான் உடன்படுவதில்லை. அவர் நின்று பார்த்த இடம் சரியான இடம்.

டச்சுக் கல்லறை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகள், உள்ளே எழுத்து வெட்டிய கனத்த கற்பலகைகள். எழுத்துகள் இன்றும் கூர்மையாக இருக்கின்றன. இந்த முறை நான் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

ஏரிக்கரைக்குப் போனேன். அங்கேதான் பயணம் வரலாற்றிலிருந்து இன்றைக்கு வந்தது.

சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி இது. சமூக அறிவியல் படிக்கிறவர்கள் இந்த ஏரியை 'பாடு' முறைக்காகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இறால் நன்றாக விழும் இடங்களைப் பாடுகளாகப் பிரித்து, சீட்டுப் போட்டு, முறைவைத்து சுத்துவலை கட்டுவார்கள். யாருக்கும் நிரந்தரமாக நல்ல இடம் கிடைக்காது, யாரும் நிரந்தரமாக நஷ்டப்படவும் மாட்டார்கள். போலீசும் இல்லாமல் கோர்ட்டும் இல்லாமல் ஒரு சமூகம் தன் பொதுச்சொத்தைப் பங்கிட்டுக்கொள்வதற்கு அழகான உதாரணம். 2009-இல் எலினர் ஆஸ்ட்ரம் பொருளாதார நோபல் வாங்கியபிறகு பொதுச்சொத்து ஆய்வுகளுக்கு மவுசு கூடியது. கல்லூரிக் கருத்தரங்குகளில் நானே பாடு முறையைப் புகழ்ந்து பேசியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஏனென்றால் சீட்டில் பெயர் இருப்பது யாருக்கு? கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் ஆகிய மூன்று குப்பங்களைச் சேர்ந்த பட்டினவர் ஆண்களுக்கு. ஒரு குப்பத்தின் பெயரிலேயே மாதா இருக்கிறாள். அதாவது பாட்டுக்கு மதம் தடையில்லை. ஞானஸ்நானம் வாங்கினாலும் பாடு போகாது. சாதிதான் வேலி. ஏரியைச் சுற்றியுள்ள சேரிகளின் தலித்துகளும் இருளர்களும் அந்த வேலிக்கு வெளியே. எழுபதுகளுக்குப் பிறகு இறால் ஏற்றுமதி விலை ஏறியபோது அவர்களும் வலையோடு ஏரிக்குள் இறங்கினார்கள். மோதல்கள் வந்தன. 2008-இல் சாரா கூல்தார்டு எழுதிய ஆய்வுக் கட்டுரை பாடு உள்ளவர், பாடு இல்லாதவர் என்ற இந்தப் பிளவையும், ஏரியின் வளம் குறையும்போது அது எப்படி வேலை செய்கிறது என்பதையும் பேசுகிறது. நம் பக்கமிருந்து அப்படி ஓர் ஆய்வு இன்னும் வரவில்லை என்பது நமக்குப் பெருமை சேர்க்கும் விஷயம் இல்லை.

இடுப்பளவுத் தண்ணீரில் நான்கு இருளர் பெண்கள் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். குனிந்து, சேற்றுக்குள் இரண்டு கையாலும் துழாவி, அகப்பட்ட இறாலை வாயில் கவ்வியிருக்கும் பறியில் போடுகிறார்கள். பறி ஓலையில் முடைந்த சிறு கூடை. பல்லால் கவ்வியிருப்பதால் வேலை நேரத்தில் அவர்களால் பேச முடியாது. கரையேறும்வரை காத்திருந்தேன்.

"பாட்டுல உங்களுக்கு எடம் உண்டா அக்கா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ எந்த ஆபீசு சார்?"

எந்த ஆபீசும் இல்லை, பொன்னேரிப் பக்கம் கூட்டத்துக்கு வருகிற ஆள் என்றேன்.

"பாடெல்லாம் அவங்களுக்கு சார். வலை போட்டா அறுத்துடுவாங்க. கையால தடவுனா யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல. கையில என்னா கெடைக்கப் போவுதுன்னு உட்டுட்டாங்க." விரல்களை விரித்துக் காட்டினார். இறாலின் முள் குத்திக் குத்தி நுனியெல்லாம் வெடித்திருந்தது. "முன்னெல்லாம் ரெண்டு கிலோ வரும். இப்ப இன்னா, அரக்கிலோ வந்தா பெருசு. மொவத்தாரம் அடச்சிகினா தண்ணியே வர்றதில்ல."

பாடு முறையைத் தாக்குவது என் நோக்கம் என்று யாரும் புரிந்துகொள்ள வேண்டாம். பட்டினவர்களும் மிகவும் பிற்படுத்தப்பட்டவர்கள்தான். முகத்துவாரம் தூர்வதும், எண்ணூர் பக்கத்து அனல்மின் நிலையங்களும், காட்டுப்பள்ளித் துறைமுகமும் அவர்கள் வாழ்க்கையைத்தான் முதலில் நெரிக்கின்றன. காட்டுப்பள்ளி விரிவாக்கத்துக்கு எதிராக அவர்கள் தெருவுக்கு வந்தபோது நாமும் போய் நின்றோம், இனியும் நிற்போம். ஆனால் 'மீனவர் வாழ்வுரிமை' என்று நாம் கோஷம் போடும்போது அந்த அக்கா மீனவரா இல்லையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீரில் நின்று இறால் பிடிக்கும் பெண்ணை மீனவர் என்று எந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள்? போராட்ட மேடையில் அவர் எங்கே உட்காருகிறார்? போன முறை நான் போன கூட்டத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். நாற்காலிகள் மிச்சம் இருந்தன.

நிலத்தின் கதையும் இதே ஏரிக்கரையில்தான் இருக்கிறது. பொன்னேரி அன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டம். அந்த மாவட்டத்தின் கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-இல் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையால்தான் 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். இந்த அரங்கில் இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ட்ரெமென்ஹீர் பார்த்த சேரிகளில் இந்த ஏரியோரத்துச் சேரிகளும் அடங்கும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

திரும்பும் வழியில் ஏரியோரக் காலனி ஒன்றில் அண்ணன் தம்பி இருவரைப் பார்த்தேன். அண்ணன் ஞானஸ்நானப் பதிவில் உள்ள பெயரிலேயே பள்ளிக்கூடம் போனவர். அவருடைய சாதிச் சான்றிதழில் பிற்படுத்தப்பட்டோர் என்று இருக்கிறது. தம்பிக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் இந்துப் பெயர். அவருக்கு ஆதிதிராவிடர் என்று சான்றிதழ். ஒரே தாய் வயிறு, ஒரே ஓட்டு வீடு. சண்டை வந்து வெட்டுப்பட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தம்பிக்கு உண்டு, அண்ணனுக்கு இல்லை. வெட்டுகிறவன் இரண்டு பேரையும் ஒரே சாதியாகத்தான் பார்ப்பான். "மாதாவுக்கு வெளக்கு ஏத்தறது நாங்க ரெண்டு பேரும்தாண்ணா" என்றார் அண்ணன். அவர் என்னைவிட வயதில் பெரியவர், ஆனாலும் மரியாதைக்கு அண்ணா என்றார்.

1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அந்தப் பத்தியைத் திருத்தினார்கள். கிறிஸ்தவத் தலித்துக்கும் முஸ்லிம் தலித்துக்கும் இன்றுவரை திருத்தவில்லை. பத்தியையே நீக்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் பரிந்துரைத்தது. உச்சநீதிமன்றத்தில் வழக்கு 2004-இல் தொடங்கியது. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் போட்டார்கள். 1515-இலிருந்து எண்ணினால் ஐந்நூறு ஆண்டுகள் தாண்டிவிட்டன. சாதி கோயிலுக்குள் வந்ததா என்று அரசாங்கம் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறது.

தோழர் பெயரால் கூடியிருக்கிறோம், அவருக்குப் பிடித்த மாதிரி வேலைகளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். மாணவர்களில் யாராவது ஒருவர் டச்சு மொழி படிக்க வேண்டும். கத்தரீன் ஒருத்தியின் வழக்கு ஆவணமே தமிழில் வந்தால் போதும், ஆரம்பமாக இருக்கும். பொன்னேரி வட்டத்தின் பஞ்சமி நிலப் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டும்; மனுவின் மாதிரியை வாசலில் வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். பாடு இல்லாதவர்களின் கணக்கை, குப்பம் குப்பமாக, சேரி சேரியாக, நாமே எடுக்க வேண்டும். யார் எந்த வலை, எந்த இடம், எத்தனை நாள், யார் தடுத்தார்கள் என்று. பட்டினவர் பஞ்சாயத்தோடும் பேச வேண்டும், ஒளிந்து செய்கிற வேலை இல்லை இது.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு போகிறோம். வருகிறவர்கள் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். காலை ஏழு மணிக்குப் பொன்னேரி பஸ் நிலையத்தில் இருக்க வேண்டும். இந்தமுறை முதலில் ஏரிக்கரை, சேற்றில் இறங்க வேண்டியிருக்கும், மாற்று உடை எடுத்து வாருங்கள். கோயிலுக்கும் கல்லறைக்கும் சாயங்காலம் போய்க்கொள்ளலாம்.